ரஞ்சித் சிங் நம்ம கம்பளைக்காரர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய பிரிட்டிஷ் டிவி கொமடிகளைப் பற்றித்தான். போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, விடாமல் மழை பெய்து வீட்டில் அடைந்து கிடக்கும் நாட்களில் 'ஃபோல்ட்டி டவர்ஸ்' போட்டுப் பார்ப்பேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள். சரி, மற்றக் கேள்விகள் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும், இந்த முறை இது மட்டும்.

கேள்வி (கம்பளை, மாணவர்): அண்ணா, 'மைன்ட் யுவர் லாங்குவேஜ்' நாடகத்தில் தலைப்பாகையோடு வரும் சீக்கியர் நம்ம கம்பளையில் பிறந்தவர் என்று அப்பா சொல்கிறார். ஸ்கூலில் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. உண்மையா?

பதில்: உண்மைதான் தம்பி, தைரியமாகச் சொல்லுங்கள். ரஞ்சித் சிங்காக நடித்தவர் பெயர் ஆல்பர்ட் மோசஸ். 1937 டிசம்பரில் கம்பளையில் பிறந்தவர், 2017 செப்டெம்பரில் காலமானார். இரண்டு ஜேம்ஸ் பாண்ட் படங்களிலும் சின்ன வேடங்களில் வருகிறார். ஆனால் உலகம் அவரை ஞாபகம் வைத்திருப்பது, லண்டனில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் ஒரு மாலை வகுப்பில், எதற்கெடுத்தாலும் கைகூப்பி 'ஆயிரம் மன்னிப்பு' கேட்கும் அந்த மனிதராகத்தான். அந்த நாடகம் முதலில் ஓடியது 1977 முதல் 1979 வரை, மூன்று தொடர்களாக 29 எபிசோட். அப்புறம் 1986இல் கொஞ்சம் ஓடியது, அதில் பழைய சுவை இல்லை.

இன்னொன்றும் உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். அந்த வகுப்பில் ரஞ்சித்தோடு ஓயாமல் முட்டிக்கொள்ளும் பாகிஸ்தான்காரர் அலியாக நடித்த டினோ ஷஃபீக் பிறந்தது டாக்காவில். கம்பளையில் பிறந்தவரும் டாக்காவில் பிறந்தவரும் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் பஞ்சாபியாகவும் பாகிஸ்தானியாகவும் சண்டை பிடித்ததை உலகமே பார்த்துச் சிரித்திருக்கிறது. நாவலப்பிட்டி போகும் பஸ் கம்பளை டவுனில் நிற்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

கேள்வி (ஹட்டன், ஆங்கில ஆசிரியை): சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இதே நாடகத்தைக் காட்டிப் பேச்சு ஆங்கிலம் படிப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு இனத்தையும் கேலி செய்கிற மாதிரி இருக்கிறதே, தயக்கமாக இருக்கிறது.

பதில்: டீச்சர், உங்கள் தயக்கம் நியாயம். அதை நிறுத்தியதே அந்தக் காரணத்துக்காகத்தான். ஒளிபரப்பிய நிறுவனத்தில் அப்போது பொறுப்பிலிருந்த மைக்கேல் கிரேட், இது இனங்களை ஒரே அச்சில் வார்த்துக் கேவலப்படுத்துகிறது என்று சொல்லித்தான் 1979இல் கைவிட்டார். ஜப்பான்காரர் என்றால் குனிந்துகொண்டே இருப்பார், இந்தியப் பெண் என்றால் பின்னல் ஊசியும் நூலுமாகவே இருப்பார், இன்றைக்கு அதைப் பார்த்தால் முகம் சுளிக்கத்தான் தோன்றும். அதனால் முழுசாகப் போட்டுக் காட்டாதீர்கள்.

ஆனால் அதில் ஒரு விஷயம் என் மனதில் இன்னும் நிற்கிறது. எண்பதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் டிவி இருந்தது மூன்று வீட்டில். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கரண்ட் கிடையாது, கார் பெட்டரியில்தான் டிவி ஓடும், அந்தப் பெட்டரியை டவுனுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் பண்ணிக்கொண்டு வர ஒரு நாள் போய்விடும். அதனால் கிளாக்கர் ஐயா வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, குளிரில் ஒருத்தர் போர்வைக்குள் மூன்று பேர் ஒண்டிக்கொண்டு பார்ப்போம். எனக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்த வாத்தியாரை, பாரி எவன்ஸ் நடித்த அந்த பிரவுன் மாஸ்டரை, அவ்வளவு பிடித்துப்போயிற்று. யார் எவ்வளவு பிழையாகப் பேசினாலும் அவர் அடிக்க மாட்டார், ஏளனமாகப் பார்க்கவும் மாட்டார், இன்னொரு தடவை சொல்லிக் கொடுப்பார். நான் படித்த இடத்தில் ஆங்கிலப் பாடம் அப்படி இருக்கவில்லை. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொன்ன என் பக்கத்துப் பையனை வகுப்பே சிரித்துச் சிரித்து, அவன் அந்தப் பாடத்துக்கே வராமல் போனான். அவனை இன்றைக்கும் கண்டால் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஆகவே ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வருகிற காட்சிகளாகப் பொறுக்கி எடுங்கள், நிறைய இருக்கின்றன. பார்த்து முடிந்ததும் பிள்ளைகளிடம் கேளுங்கள்: இங்கே சிரிப்பு வந்தது பாஷையாலா, ஆளின் தோற்றத்தாலா? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சரியாகப் பிரித்துச் சொல்வார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி (தலவாக்கலை வாசகர்): நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்திய நாடகங்கள். ஊர் நம்முடையதல்ல, பாஷை நம்முடையதல்ல. அப்படியும் ஏன் பழசாகவே மாட்டேன் என்கின்றன?

பதில்: ஐயா, இதைப் பற்றி நான் எத்தனையோ வருடமாக யோசித்து வந்திருக்கிறேன், என் முடிவைச் சொல்கிறேன். அந்த நாடகங்களில் யாராலும் இருக்கிற இடத்தை விட்டுப் போக முடியாது.

'போரிட்ஜ்' (1974–77) நடப்பது ஜெயிலில், அங்கே கேட்கவே வேண்டாம். 1962இல் தொடங்கிய 'ஸ்டெப்டோ அண்ட் சன்' பழைய சாமான் வியாபாரம் பண்ணும் ஒரு அப்பாவும் மகனும் பற்றியது. மகனுக்கு எப்படியாவது அந்த வீட்டை விட்டுப் போய் நல்லா வாழ வேண்டும், ஒவ்வொரு முறையும் வாசல் வரை போவான், கிழவர் ஏதாவது செய்து நிறுத்திவிடுவார். 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹோர்சஸ்' தொடரில் (1981இல் தொடங்கியது) தெற்கு லண்டன் அடுக்குமாடி வீட்டில் அண்ணனும் தம்பியும், அடுத்த வருடம் இதே நேரம் நாங்கள் கோடீஸ்வரர் என்று அண்ணன் வருடா வருடம் சொல்லிக்கொண்டே இருப்பான். கடைசியில் 1996 டிசம்பர் 29ஆம் தேதி அவர்கள் நிஜமாகவே பணக்காரர் ஆனார்கள், அதைப் பார்க்க 2 கோடியே 43 லட்சம் பேர் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பதினைந்து வருடம் அந்த இரண்டு பேரோடு கூடவே காத்திருந்த சனம் அது.

இப்போது நம் பக்கம் பாருங்கள். மலை உச்சியில் துரை பங்களா, கொஞ்சம் கீழே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், அதற்கும் கீழே லயம். பெரிய துரை, சின்ன துரை, பெரிய கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று படிப்படியாக ஆள். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே தூக்கம் போகும். யாருக்கு யாரோடு கோபம், யார் வீட்டில் இன்றைக்கு மீன் என்பது வரை எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் யாரை விட்டும் போக முடியாது. இப்படி ஒரு இடத்தில் வளர்ந்தவனுக்கு அந்த நாடகங்களில் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் படிக்கட்டை இங்கே கட்டியவர்களே வெள்ளைக்காரர்கள்தான். தங்கள் ஊரில் இருந்ததைத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். அதே படிக்கட்டைப் பார்த்து அவர்கள் வீட்டுக்குள்ளேயே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஜன்னல் வழியாகத்தான் தெரிந்தது.

'டாட்ஸ் ஆர்மி' (1968–77, 80 எபிசோட்) பார்த்தால் இது நன்றாகப் புரியும். இரண்டாம் உலகப் போர்க் காலம், பட்டாளத்துக்குப் போக வயது தாண்டியவர்களும் வயது வராதவர்களும் சேர்ந்து ஊரைக் காவல் காக்கும் ஹோம் கார்ட் படை. ஆர்தர் லோ நடித்த மெயின்வாரிங் பேங்க் மேனேஜர், படைக்குத் தன்னைத்தானே கேப்டன் ஆக்கிக்கொண்டவர். அவருக்குக் கீழே சார்ஜன்ட் வில்சன், பேங்கிலும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். ஆனால் பிறப்பில், படிப்பில், பேச்சில் வில்சன்தான் மேல்குடி. பதவி ஒருத்தரிடம், அந்தஸ்து இன்னொருத்தரிடம். ஒன்பது வருடமும் மெயின்வாரிங்குக்கு அது உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். படித்த கணக்கப்பிள்ளைக்கு மேல் படிக்காத பெரிய கிளாக்கர் வந்து உட்கார்ந்த தோட்டத்தில் நீங்கள் இருந்திருந்தால், அந்த இரண்டு முகங்களையும் உங்களுக்குத் தெரியும்.

அந்த மனிதர்களை எழுதியவர்கள் நேசித்தார்கள் என்பதும் முக்கியம். அதே படையில் காட்ஃப்ரி என்று ஒரு சாதுவான கிழவர். முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர் என்று தெரிந்ததும் எல்லாரும் அவரை ஒதுக்கிவிடுவார்கள். பிறகுதான் தெரியவரும், அவர் துப்பாக்கி தூக்காவிட்டாலும் ஸ்ட்ரெச்சர் தூக்கிப்போய் குண்டு மழைக்குள் காயப்பட்டவர்களைக் காப்பாற்றிப் பதக்கம் வாங்கியவர். அந்த வேடத்தில் நடித்த ஆர்னல்ட் ரிட்லியே அந்தப் போரில் சொம் போர்க்களத்தில் காயப்பட்டவர்தான். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தபோது நான் அழுதேன்.

கேள்வி (பதுளை வாசகர்): இந்த நாடகங்களில் வீட்டுக்குள் இருக்கும்போது படம் பளிச்சென்று இருக்கிறது, வெளியே தெருவுக்கு வந்ததும் மங்கலாக, சினிமா மாதிரி ஆகிவிடுகிறதே, ஏன்? சிரிப்புச் சத்தம் டப்பாவில் அடைத்ததா?

பதில்: உங்கள் டிவியில் கோளாறு இல்லை. வீட்டுக்குள் நடக்கிற காட்சியை ஸ்டூடியோவில் பெரிய எலக்ட்ரோனிக் கேமராக்களால் வீடியோ டேப்பில் பதிவு செய்தார்கள், அந்தக் கேமராக்களை மலை மேடு எல்லாம் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதனால் வெளிக் காட்சிகளை மட்டும் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்து நடுவில் சேர்த்தார்கள். வீடியோவில் செக்கனுக்கு 50 தடவை படம் புதுப்பிக்கப்படும், ஃபிலிமில் 25 படம். அந்த வித்தியாசத்தைத்தான் உங்கள் கண் பிடித்திருக்கிறது.

சிரிப்பு பெரும்பாலும் நிஜம். ஸ்டூடியோவில் சனத்தை உட்கார வைத்து அவர்கள் முன்னால்தான் நடித்தார்கள். வெளிக் காட்சிகளைத் திரையில் போட்டுக் காட்டி அந்தச் சிரிப்பையும் பதிவு செய்வார்கள். நம்ம ஊரில் காமன் கூத்து நடக்கும்போது ஆடுகிறவர் பார்க்கிறவர் முகம் பார்த்து ஆட்டத்தைக் கூட்டுவார் இல்லையா, ஏறக்குறைய அதுதான்.

கேள்வி (பண்டாரவளை வாசகி): 'மிஸ்டர் பீன்' மொத்தம் எத்தனை?

பதில்: பதினைந்தே பதினைந்து, முதலாவது 1990 ஜனவரி 1. கார்ட்டூனும் சினிமாவும் தனி. நூற்றுக்கணக்கில் பார்த்த மாதிரித் தோன்றுவது அதே பதினைந்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் தங்கச்சி.

கேள்வி (நுவரெலியா, ஹோட்டல் ஊழியர்): நான் பன்னிரண்டு வருடமாக ரிசப்ஷனில் நிற்கிறேன். 'ஃபோல்ட்டி டவர்ஸ்' பார்த்தால் சிரிப்பை விட நெஞ்சு படபடப்புத்தான் வருகிறது. எனக்கு மட்டும்தானா?

பதில்: ஹோட்டலில் வேலை பார்த்த எல்லாரும் இதைச் சொல்வார்கள். அது கற்பனையாகத் தோன்றிய கதையில்லை. 1970இல், அதில் ஹோட்டல் முதலாளி பேசிலாக நடித்த ஜான் கிளீஸ் தன் நாடகக் குழுவோடு டோர்கீ என்ற கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டலில் தங்கினார், அந்த நிஜ ஹோட்டலின் முதலாளி விருந்தாளிகளை நடத்திய விதத்தைப் பார்த்து அசந்துபோனார், மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போன பிறகும் அவர் அங்கேயே தங்கிக் கவனித்தார். அப்போது மனைவியாக இருந்த கோனி பூத்தோடு சேர்ந்து எழுதினார். 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தம் 12 எபிசோட். இரண்டாவது தொடர் வரும்போது அவர்கள் கணவன் மனைவி இல்லை, அப்படியும் சேர்ந்தே எழுதி முடித்தார்கள். ஒவ்வொரு கதையையும் மாதக்கணக்கில் செதுக்கியிருக்கிறார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் சும்மா சொன்ன மாதிரி இருக்கும் ஒரு வார்த்தை கடைசி நிமிடத்தில் வந்து எல்லாவற்றையும் கவிழ்க்கும். 2000இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் எடுத்த கணக்கெடுப்பில் பிரிட்டனின் எல்லா டிவி நிகழ்ச்சிகளிலும் இதற்குத்தான் முதலிடம்.

நீங்கள் 1979இல் வந்த 'கொமியூனிகேஷன் புரொப்ளம்ஸ்' எபிசோடைத் தேடிப் பாருங்கள். காது கேட்காத ஒரு அம்மா வந்து ரூமில் இருந்து பார்த்தால் வியூ சரியில்லை என்று சண்டை போடுவார். அதுதானே டோர்கீ என்பார் பேசில். போதாது. சிட்னி ஒபரா ஹவுஸ் தெரியும் என்று நினைத்தீர்களா என்று பொரிந்து தள்ளுவார். மூடுபனி இறங்கிய நாளில் 'மலை தெரியவில்லை, காசைத் திருப்பித் தா' என்று உங்கள் முன்னால் வந்து நிற்கிறவர்களிடம் நீங்கள் வாய் திறந்து சொல்ல முடியாத பதிலை அவர் உங்களுக்காகச் சொல்வார்.

அப்புறம் மானுவல். அடியும் திட்டும் வாங்கும் அந்த ஸ்பெயின் நாட்டு வெயிட்டராக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லினில் பிறந்து, எட்டு வயதில் நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தவர். புரியாத பாஷைக்காரர்கள் நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அது அந்தக் கண்ணில் தெரிகிறது.

கேள்வி (பொகவந்தலாவை, கடைக்காரர்): மகன் ஃபோனில் 'ஓப்பன் ஆல் அவர்ஸ்' காட்டினான். கடைக் காட்சி எல்லாம் என் கடைதான். உங்களுக்குப் பிடிக்குமா?

பதில்: ரொம்பப் பிடிக்கும் அண்ணே. ரோனி பார்க்கரின் அந்த ஆர்க்ரைட் முதலாளி, ஒரு சாமான் வாங்க வந்தவரை நாலு சாமானோடு அனுப்புகிற திறமை, விரலைக் கடிக்கிற அந்தக் கல்லாப்பெட்டி, இரவு கடை மூடும்போது தனியாக நின்று அன்றைய நாளை நினைத்துப் பார்க்கிற அந்தக் கடைசி நிமிடம். உங்கள் கடையில் கடன் கொப்பி எழுதி முடித்து விளக்கை அணைக்கும்போது நீங்களும் அப்படி நின்றிருப்பீர்கள். அதில் ஆர்க்ரைட்டின் சகோதரி மகனாக வந்த டேவிட் ஜேசன், 2013இல் அதன் தொடர்ச்சி வந்தபோது அதே கடையில் முதலாளியாக நின்றார். போக ஆசைப்பட்டவன் போகவேயில்லை. மகனோடு சேர்ந்து அதையும் பாருங்கள்.

கேள்வி (ஹப்புத்தளை, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்): அரசாங்க ஆபீசில் முப்பது வருடம் இருந்தவன் நான். 'எஸ் மினிஸ்டர்' மிகைப்படுத்தியதா, உண்மையா?

பதில்: ஐயா, அது என்னை விட உங்களுக்குத்தான் தெரியும். ஆன்டனி ஜேயும் ஜொனதன் லின்னும் உள்ளே இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது அது, 1980இல் தொடங்கியது. 1981இல் வந்த ஒரு எபிசோடில் புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி, நிர்வாகம் சிற்றூழியர் என்று 500 பேருக்கு மேல் வேலை, ஒரு நோயாளி கூட இல்லை. மந்திரி கொதித்துப் போவார், அதிகாரிகளுக்கு அதில் என்ன பிழை என்றே விளங்காது. நாட்டிலேயே சுத்தமான ஆஸ்பத்திரி இதுதான் என்று பரிசுப் பட்டியலில் வேறு இருக்கும்.

என் அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்த ஒரு ஆபீசுக்கு நான் ஒன்பது தடவை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு தடவையும் மரியாதையாகத்தான் பேசினார்கள், தேத்தண்ணீர் கூடக் கொடுத்தார்கள், ஒவ்வொரு தடவையும் வேறொரு கடிதம் கேட்டார்கள். அம்மா கடைசி வரை அந்தப் பிழைப் பெயரோடுதான் போனார். அதற்குப் பிறகு நைஜல் ஹாதோர்ன் நடித்த அந்தச் செயலாளர் ஒரே மூச்சில் நீளமாக ஒரு வாக்கியம் பேசி, ஒன்றுமே சொல்லாமல் முடிக்கும் காட்சியைப் பார்த்தேன். என் கோபம் எனக்கு மட்டும் உரியதல்ல, அதற்கு ஒரு வடிவம் கொடுத்து ஊரறியக் காட்ட இரண்டு பேர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

கேள்வி (மஸ்கெலியா வாசகி): நம்ம தோட்டத்தை வைத்து இப்படி ஒன்று ஏன் வரவில்லை அண்ணா? நம்மைப் பற்றி எடுத்தால் எப்போதும் அழுகைதானா?

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன் என்று சொல்லலாம். நம் அழுகை உண்மை, இருநூறு வருடக் கதை, அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் லயத்தில் சிரிப்பு இல்லாத ஒரு நாளை நான் பார்த்ததில்லை, அதை யாரும் எழுதிவைக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

எழுத வெளியே இருந்து ஆள் வர வேண்டியதில்லை. 'டாட்ஸ் ஆர்மி' எழுதிய இருவரில் ஜிம்மி பெரி சின்ன வயதில் தானே ஹோம் கார்டில் இருந்தவர். 'ஒன்லி ஃபூல்ஸ்' எழுதிய ஜான் சல்லிவன் பைப் வேலை பார்த்தவரின் மகன், பிபிசியில் செட் தள்ளும் வேலையில் இருந்தவர். அதில் பெரிய மாளிகையில் சரவிளக்கு விழுந்து நொறுங்கும் காட்சி அவருடைய அப்பா வேலைத்தளத்தில் கண்ட கதைதான். வீட்டில் கேட்டது, பார்த்தது, அவ்வளவுதான் அவர்களிடம் இருந்த முதல்.

என்னிடம் ஒன்று இருக்கிறது, தருகிறேன். கொழுந்து நிறுக்கும் எங்கள் மடுவத்தில் மழை நாளென்றால் கொழுந்து ஈரம் என்று சொல்லி ஆளுக்கு இரண்டு கிலோ, மூன்று கிலோ கழிப்பார்கள். ஒரு நாள் ஒரு பாட்டி, எழுபது வயது இருக்கும், கூடையைத் தராசில் வைக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த நனைந்த படங்கை அவிழ்த்து மடித்துத் தராசில் வைத்தார். "மொதல்ல இத நிறுங்க ஐயா. நான் காலையில கட்டிட்டு வந்தப்ப இது எவ்வளவு இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும். மழையில எவ்வளவு ஏறியிருக்குன்னு இப்ப தெரிஞ்சிரும். அத மட்டும் கழிச்சுக்குங்க." வரிசையில் நின்ற அத்தனை பேரும் சத்தம் வராமல் தோள் குலுங்க நின்றார்கள். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார், படங்கைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு எல்லாருக்கும் ஒரு கிலோதான் கழிவு. அடுத்த நாள் பழையபடி மூன்று. பாட்டியும் பழையபடி படங்கை அவிழ்த்தார்.